கையேட்டில் இல்லாத பாடம்

ஜெராக்ஸ் மெஷின் ஒரு பிழைக் குறியீட்டைக் காட்டுகிறது. அதற்கான பரிகாரம் கையேட்டில் இருக்கிறது. அப்படியே செய்தாயிற்று. ஆனால் மெஷின் மறுபடியும் மக்கர் செய்கிறது. வாடிக்கையாளர் முறைக்கிறார். மெக்கானிக் இனி என்ன செய்வார்?

இந்தக் கேள்வியின் பின்னால் போய்ப் பெயர் வாங்கியவர் அமெரிக்க மானுடவியலாளர் ஜூலியன் ஆர். அவரே ஒரு காலத்தில் டெக்னீஷியன். மானுடவியலாளர்கள் பழங்குடியினரைத் தேடிப் போவது வழக்கம். ஆர் தேடிப் போனது ஜெராக்ஸ் நிறுவனத்தின் மெக்கானிக்குகளை. கலிஃபோர்னியாவில் அந்த நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் பணியாற்றிய அவர், 1980களில் மெக்கானிக்குகளோடு பழுது பார்க்கக் கிளம்பினார். அவர்கள் சாப்பிடும் மேஜையிலும் உட்கார்ந்தார். 1990ல் கார்னெல் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் தந்தது. 1996ல் 'டாக்கிங் அபௌட் மெஷின்ஸ்' என்ற நூல் வெளிவந்தது.

கையேட்டைப் பின்பற்றினால் போதும், தனித் திறமை தேவையில்லை என்பது நிர்வாகத்தின் கணக்கு. ஆர் பார்த்தது வேறு. ஒரு முறை சிக்கல் பிடிபடாமல் மெக்கானிக் ஒருவர் நிபுணரை வரவழைத்தார். இருவரும் பழைய கோளாறுகளைக் கதை கதையாகப் பேசித் தீர்த்தார்கள். கடைசியில்தான் தெரிந்தது: மெஷின் காட்டிய குறியீடே தவறான வழியைக் காட்டியிருந்தது. கடிகாரத்தோடு நிற்கும் மேலதிகாரிக்கு இது வெட்டி அரட்டை. ஆருக்கு இதுதான் பாடசாலை. சிக்கனம் என்று அரட்டையை வெட்டினால், படிப்பும் சேர்ந்து போய்விடும்.

1991ல் ஜான் சீலி பிரௌனும் பால் டுகிட்டும் எழுதிய கட்டுரை, ஆரின் ஆய்வை நிர்வாகவியல் உலகத்துக்கு எடுத்துச் சென்றது. 1990களில் ஜெராக்ஸ் 'யுரேகா' என்ற கணினித் தொகுப்பைத் தொடங்கியது. மெக்கானிக்குகள் தாங்கள் கண்ட தீர்வுகளை அதற்கு அனுப்பினார்கள். சக மெக்கானிக்குகள் சரிபார்த்த பிறகு, அனுப்பியவர் பெயரோடு அவை சேர்ந்தன. அவர்களுக்குப் பணத்தைவிட அந்தப் பெயர் பெரிதாக இருந்தது.

ஆனால் தொகுப்பில் ஏறுவது விடைதான். அந்த விடைக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பது சாப்பாட்டு மேஜையில்தான் கிடைத்தது. இன்று கோளாறைச் செல்போன் செயலி சொல்கிறது. நாளைக்கு எத்தனை பழுது பார்த்தாய் என்று கம்ப்யூட்டர் கணக்குக் கேட்கிறது. தொழிலுக்குப் புதிதாக வருகிற பையன் யார் பக்கத்தில் உட்கார்ந்து கதை கேட்பான்?