வெயில் இறைக்கும் நீர்

சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் அதிகமாக மழை பெய்கிறது. ஆயினும், அடுக்குமாடி வீடுகளின் தாழ்வாரங்களில் வளரும் செடிகள் பலவற்றின்மீது ஒரு துளி மழைகூட விழுவதில்லை. மேலே கூரை இருப்பதே அதற்குக் காரணம். அச்செடிகளுக்கு வெயிலும் காற்றும் தாமாகவே கிடைக்கின்றன. நீருக்கு மட்டும் அவை வீட்டில் உள்ளவர்களை நம்பியிருக்கின்றன.

2020ஆம் ஆண்டில் தேசியப் பூங்காக் கழகம் இல்லங்களுக்கு இலவசமாக விதைப் பொட்டலங்களை வழங்கி, உண்ணத்தக்க செடிகளை வீட்டிலேயே வளர்க்க ஊக்குவித்தது. கறிவேப்பிலை, மிளகாய், பாண்டான், கங்கோங் போன்றவற்றைத் தொட்டிகளில் வளர்ப்போர் பலர். பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு ஒரு வாரம் வெளிநாடு சென்று திரும்பும்போது, ஆசையாக வளர்த்த செடிகள் கருகிக் கிடப்பதைப் பார்த்து அவர்கள் வருந்துவதுண்டு. உயரத்தில் தொங்கும் கூடைகளுக்கு நீர் ஊற்ற நாற்காலியின்மீது ஏறும் முதியோருக்கோ தவறி விழும் ஆபத்தும் இருக்கிறது. இத்தகையோருக்குக் கைகொடுப்பதுதான் சூரிய சக்தியால் இயங்கும் தானியங்கி நீர்ப்பாசனம்.

தொட்டிச் செடிகள் ஏன் இவ்வளவு விரைவில் வாடுகின்றன? நிலத்தில் வளரும் செடி, ஈரத்தைத் தேடித் தன் வேரை ஆழமாகவும் அகலமாகவும் பரப்ப முடியும். தொட்டியில் உள்ள செடிக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதற்குக் கிடைப்பது சில கைப்பிடி மண்ணும், அம்மண் பிடித்துவைக்கும் சிறிதளவு நீரும் மட்டுமே. வெயிலில் தொட்டியின் பக்கங்களும் சூடேறுவதால், மண்ணில் உள்ள நீர் விரைவாக ஆவியாகிறது. இலைகளின் வழியாகவும் நீர் இடைவிடாமல் வெளியேறுகிறது. தொங்கும் கூடையின் நிலை இன்னும் கடினமானது. அதன் அடிப்பகுதி உட்பட எல்லாப் பக்கங்களிலும் காற்று படுவதால், வெயில் நாளில் அது ஒரே நாளில் காய்ந்துவிடக்கூடும்.

அதற்காக ஒரேயடியாக நிறைய நீர் ஊற்றுவதும் நல்லதன்று. மண்ணின் இடைவெளிகளில் காற்றும் இருக்க வேண்டும். அவ்விடைவெளிகளில் எப்போதும் நீரே நிரம்பியிருந்தால், வேர்களுக்கு உயிர்வளி கிடைக்காது. அவை அழுகத் தொடங்கும். எனவே, செடிக்குத் தேவை சிறிதளவு நீர். ஆனால், அது தவறாமல் கிடைக்க வேண்டும்.

இதைச் செய்யும் அமைப்பில் சில எளிய பாகங்களே உள்ளன. சிலிக்கானால் செய்யப்பட்ட சூரியத் தகடு, தன்மீது விழும் ஒளியை மின்சாரமாக மாற்றுகிறது. அம்மின்சாரம் மின்கலத்தில் சேமிக்கப்படுகிறது. கட்டுப்பாட்டுக் கருவி குறித்த நேரத்தில் சிறிய பம்பை இயக்குகிறது. பம்பு, மூடிய கொள்கலனிலிருந்து நீரை உறிஞ்சி மெல்லிய குழாய்களின்வழி அனுப்புகிறது. ஒவ்வொரு குழாயின் முனையிலும் இருக்கும் சொட்டுவான், நீரைத் துளித்துளியாக வேர்ப்பகுதியில் விடுகிறது.

சொட்டுநீர்ப் பாசனம் பெரிய வேளாண் நிலங்களில் வளர்ந்த முறையாகும். இஸ்ரேலியப் பொறியாளர் சிம்கா பிளாஸ் உருவாக்கிய சொட்டுவான்களை, ஹட்சரிம் என்னும் கூட்டுப்பண்ணை தயாரிக்கத் தொடங்கியது. வறண்ட பகுதிகளில் நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்த உதவிய அந்த முறைதான், அளவில் சுருங்கி இன்று தாழ்வாரங்களுக்கும் வந்திருக்கிறது.

இந்த வேலைக்குச் சூரிய சக்தி மிகவும் பொருத்தமானது. வெயில் கடுமையாக இருக்கும் நாளில் செடிக்கு நீர் மிகுதியாகத் தேவைப்படுகிறது. அதே நாளில் சூரியத் தகடும் மிகுதியான மின்சாரத்தைத் தருகிறது. மேகமூட்டமான நாளில் மின்சாரம் குறைகிறது; செடியின் தாகமும் குறைகிறது. இந்த ஒற்றுமையைப் பயன்படுத்தும் கருவிகளும் உள்ளன. ஒளி கூடினால் அவை அடிக்கடி நீர் விடும்; ஒளி குறைந்தால் இடைவெளியை நீட்டிக்கும். செடியை வாட்டும் வெயிலே அதற்கு நீரையும் இறைத்துத் தருகிறது.

இதற்கு எவ்வளவு மின்சாரம் தேவைப்படும் என்பதை ஓர் எடுத்துக்காட்டின்மூலம் அறியலாம். ஒரு வீட்டில் 10 தொட்டிகள் இருப்பதாகவும், ஒவ்வொன்றுக்கும் நாள்தோறும் 400 மில்லிலிட்டர் நீர் தேவைப்படுவதாகவும் கொள்வோம். மணிக்கு 2 லிட்டர் நீர் விடும் சொட்டுவான், 12 நிமிடங்களில் அந்த அளவைக் கொடுத்துவிடும். காலையில் 6 நிமிடங்களும் மாலையில் 6 நிமிடங்களும் பம்பு ஓடினால் போதும். அது 5 வாட் பம்பாக இருந்தால், நாளொன்றுக்கு அதற்குத் தேவைப்படும் ஆற்றல் 1 வாட்-மணி மட்டுமே. ஒரு 10 வாட் விளக்கு 6 நிமிடங்கள் எரிவதற்கும் அதே அளவு ஆற்றல்தான் தேவை. ஆகவே, கையடக்கமான தகடே இதற்குப் போதுமானது. நாளொன்றுக்கு 4 லிட்டர் என்றால், ஒரு வாரத்திற்கு 28 லிட்டர். 30 லிட்டர் கொள்கலனை நிரப்பிவைத்தால், ஒரு வாரம் கவலையின்றி இருக்கலாம்.

ஆயினும், தகட்டை எங்கே பொருத்துவது என்பதைச் சிந்திக்க வேண்டும். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. மார்ச் மாதக் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். ஏனைய மாதங்களில் தெற்கே சாய்ந்திருக்கும். எனவே, வடக்கு நோக்கிய தாழ்வாரத்திற்கு ஆண்டின் ஒரு பாதியில்தான் நேரடி வெயில் கிடைக்கும். கிழக்கு நோக்கிய வீட்டிற்குக் காலை வெயிலும் மேற்கு நோக்கிய வீட்டிற்கு மாலை வெயிலும் கிடைக்கும். வெயில் குறைவான இடத்தில் சற்றுப் பெரிய தகட்டைப் பயன்படுத்துவது நல்லது.

கொள்கலனை வைக்கும் இடமும் முக்கியம். அதில் உள்ள நீர்மட்டம் குழாயின் முனையைவிட உயரமாக இருந்தால், பம்பு நின்ற பிறகும் நீர் தானாக வழிந்துகொண்டே இருக்கும். கொள்கலனே காலியாகி, தாழ்வாரத்தில் நீர் தேங்கி, அவ்வழியே நடப்போர் வழுக்கி விழ நேரிடலாம். கொள்கலனைத் தரையில் வைத்துத் தொட்டிகளை அதைவிட உயரத்தில் வைப்பது இதற்கு எளிய தீர்வு. அப்படி வைக்க இயலாவிட்டால், பம்பு நின்றதும் குழாய்க்குள் காற்றை நுழையவிட்டு ஓட்டத்தை நிறுத்தும் சிறு கருவியைப் பொருத்தலாம்.

எல்லாச் செடிகளின் தாகமும் ஒன்றன்று. கங்கோங் ஈரத்தை விரும்பும். கற்றாழையோ ஈரம் மிகுந்தால் அழுகும். சில அமைப்புகளில் மண்ணின் ஈரத்தை அளக்கும் உணர்கருவி இருக்கும். ஆனால், ஒரு தொட்டியில் செருகிய உணர்கருவி அந்தத் தொட்டியின் நிலையை மட்டுமே காட்டும். ஆகையால், ஒரே அளவு நீர் தேவைப்படும் செடிகளை ஒரே குழாய் வரிசையில் அமைப்பதே சிறந்தது.

இவை எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தேங்கிய தெளிந்த நீரில் இனப்பெருக்கம் செய்கிறது. அதன் முட்டை பொரிந்து கொசுவாக வளர ஏறத்தாழ ஒரு வாரம் போதும். குடும்பத்தினர் விடுமுறையில் வெளியே இருப்பதும் பெரும்பாலும் அதே ஒரு வாரம்தான்! தொட்டியின் அடித்தட்டில் கசிந்து நிற்கும் நீரும், மூடியில்லாத கொள்கலனும் செடிகளைக் காப்பாற்றலாம். அக்கம்பக்கத்தாரை நோயில் தள்ளலாம். எனவே, கொள்கலனை இடைவெளியின்றி இறுக மூட வேண்டும். குழாய் நுழையும் துளையையும் அடைக்க வேண்டும். ஊருக்குப் புறப்படும் முன் அடித்தட்டுகளை அகற்றிவிட வேண்டும். இறுகிப்போன மேல்மண்ணைக் கிளறிவிட்டால், நீர் மேலே தேங்காமல் உள்ளே இறங்கும்.

இக்கருவியைப் பொருத்திய மறுநாளே அதை நம்பிப் பயணம் புறப்படுவது சரியன்று. குடும்பத்தினர் வீட்டில் இருக்கும் ஒரு வாரத்தில் அதை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். எந்தத் தொட்டி காய்கிறது, எந்தத் தொட்டியிலிருந்து நீர் கசிகிறது, எந்தச் சொட்டுவான் அடைத்துக்கொண்டது என்பவை அந்த ஒரு வாரத்திலேயே தெரிந்துவிடும். மண்ணை விரலால் தொட்டுப் பார்ப்பதும், தொட்டியைத் தூக்கி அதன் எடையை உணர்வதும் பழைய முறைகளே என்றாலும் இன்றும் பயனுள்ளவை.

நேரம் தவறாமல் நீர் விடும் வேலையைக் கருவி பார்த்துக்கொள்ளும். இலையின் அடியில் பூச்சி இருப்பதையும், புதிதாக அரும்பிய மொட்டையும் அது அறியாது. அவற்றைக் கவனிப்பது செடியை வளர்ப்பவரின் பொறுப்பு. நீர் ஊற்றும் வேலை குறைந்ததால் கிடைக்கும் நேரத்தில் செடிகளைச் சற்று நின்று பார்ப்பவரே இக்கருவியின் முழுப் பயனையும் பெறுகிறார்.