நகையும் வறுமையும்: ‘காக்கா முட்டை’ திரைப்படம் பெற்ற விருதுகளும் திறனாய்வு ஏற்பும்

முன்னுரை

எம். மணிகண்டன் ஒளிப்பதிவு செய்து இயக்கிய முதல் முழுநீளத் திரைப்படம் ‘காக்கா முட்டை’. 2014 செப்டம்பரில் டொராண்டோ பன்னாட்டுத் திரைப்பட விழாவில் இது முதன்முதலாகத் திரையிடப்பட்டது. 2015 மார்ச்சில் அறிவிக்கப்பெற்ற 62ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் இரு பிரிவுகளில் இடம்பெற்றது. தமிழ்நாட்டுத் திரையரங்குகளுக்கு வந்தது அதன் பின்னரே, 2015 ஜூன் 5 அன்று. திரையரங்கில் வெற்றி கண்டு பின் விழாக்களுக்குச் செல்வதே தமிழ்ப் படங்களின் வழக்கமான பாதை. இங்கு அது தலைகீழாயிற்று. பார்வையாளர் படத்தைக் காணுமுன்பே அதற்கு ஒரு வகைப்பெயர் அமைந்துவிட்டது. அவ்வகைப்பெயர் படத்தின் எப்பகுதியை ஏற்றது, எப்பகுதியை விட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

சுயாதீனம் என்னும் சொல்

இப்படத்தைச் சுயாதீனத் திரைப்படம் எனச் சுட்டுவதில் ஒரு தயக்கம் எழலாம். நடிகர் தனுஷின் உண்டர்பார் நிறுவனமும் இயக்குநர் வெற்றிமாறனின் கிராஸ் ரூட் நிறுவனமும் இதனைத் தயாரித்தன; ஃபாக்ஸ் ஸ்டார் ஸ்டுடியோஸ் வெளியிட்டது. முதலீட்டை மட்டும் நோக்கினால் இது தொழில்துறைக்கு வெளியே பிறந்த படமன்று. ஆனால் நாயகன், காதல், சண்டை என்னும் வணிகக் கட்டுமானம் எதையும் சாராமல், முன்னர் நடித்தறியாத சிறுவர் இருவரின் தோளில் முழுக் கதையையும் ஏற்றிய துணிவு சுயாதீனத் திரைப்படத்திற்கு உரியது. நட்சத்திர நடிகரான சிலம்பரசன் இதில் சிலம்பரசனாகவே வந்து, பீட்சா கடையைத் திறந்துவைத்துவிட்டுப் போய்விடுகிறார். நட்சத்திரத்தைக் கதையின் மையத்திலிருந்து விளம்பரப் பலகையின் இடத்திற்கு நகர்த்திய இம்முடிவு தனியே கவனிக்கத்தக்கது.

தேசிய விருதும் ஒரு தொகைச்சொல்லும்

தேசிய அளவில் இப்படம் பெற்றவை சிறந்த குழந்தைகள் திரைப்படம், சிறந்த குழந்தை நட்சத்திரம் என்னும் இரு விருதுகள். முன்னதை மராத்திப் படமான ‘எலிசபெத் ஏகாதசி’யுடன் பகிர்ந்துகொண்டது. பின்னதைச் சகோதரர்களாக நடித்த விக்னேஷ், ரமேஷ் ஆகிய இருவரும் பெற்றனர். பரேஷ் மொகாஷி இயக்கிய அம்மராத்திப் படமும் வறிய வீட்டுச் சிறுவர் பணம் ஈட்ட முயலும் கதையே. பண்டரிபுரத்தில் கடன் நெருக்கடியால் விற்கப்படவிருக்கும் தம் மிதிவண்டியைக் காக்க அவர்கள் போராடுகின்றனர். சிறுவரின் ஆசைக்கும் குடும்பத்தின் பொருள்நிலைக்கும் இடையிலான தொலைவே இரு படங்களின் களம் என்பதால், நடுவர் குழு இவற்றை இணைத்தது பொருத்தமே.

சிக்கல் ‘குழந்தைகள் திரைப்படம்’ என்னும் தொடரில் உள்ளது. இத்தொகையை நான்காம் வேற்றுமை கொண்டு விரித்தால் குழந்தைகளுக்கான திரைப்படம் என்றாகும். இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்கதாகக் கொண்டால் குழந்தைகளைப் பற்றிய திரைப்படம் என்றாகும். ‘காக்கா முட்டை’ ஐயமின்றி இரண்டாம் பொருளுக்கு உரியது. முதற்பொருளில் அதனை அடக்கினால், நிலம் கைமாறுதல், சட்டமன்ற உறுப்பினரின் தலையீடு, ஊடகப் பரபரப்பு, சிறையிலிருக்கும் தந்தையை மீட்கத் தாய் படும் பாடு ஆகியவை பின்னணிக் காட்சிகளாகச் சுருங்கிவிடும்.

இதனைத் தகுதிக்குறைப்பு எனக் கொள்ளல் ஆகாது. அக்கால விருது வரிசையில் குழந்தைகள் திரைப்படத்திற்குத் தங்கத் தாமரையும், மாநில மொழிகளின் சிறந்த படங்களுக்கு வெள்ளித் தாமரையும் வழங்கப்பட்டன. அவ்வாண்டின் சிறந்த தமிழ்த் திரைப்படமாகத் தேர்வானது ‘குற்றம் கடிதல்’. திரைக்கதை விருதுகள் வங்காளப் படத்திற்கும் மலையாளப் படத்திற்கும் சென்றன. ‘காக்கா முட்டை’யில் நடித்த சிறுவர் பாராட்டப்பட்டனர், அவர்களை நகைப்புக்கும் துயருக்கும் இடையே நடத்திச் சென்ற எழுத்துக்குத் தனி ஏற்பு கிட்டவில்லை.

எள்ளலும் இளமையும்

இவ்விடுபடலை விளங்கிக்கொள்ளத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் துணைசெய்கிறது. அது நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன நிலைக்களன்கள். வறுமை அங்கு அழுகையின் பக்கம் வைக்கப்பட்டுள்ளது.

இரயில் பாதையோரம் சிதறிய நிலக்கரியைப் பொறுக்கி விற்கும் சகோதரர்கள் 299 ரூபாய் விலையுள்ள பீட்சாவுக்காகச் சிறுகச் சிறுகப் பணம் சேர்க்கின்றனர். அவர்கள் காக்கை முட்டை குடித்த மரம் வெட்டப்பட்ட அதே இடத்தில்தான் அந்தக் கடை எழுகிறது. பணம் சேர்ந்தபின் காவலாளி உள்ளே விட மறுக்கிறான். புத்தாடை உடுத்திச் சென்றபோது கன்னத்தில் அறை விழுகிறது. பாட்டி இறக்கிறாள். வறுமை, இளிவு, இழவு ஆகிய மூன்றும் வரிசையாக வந்தும் படம் அழுகையில் நிலைகொள்ளவில்லை. இப்படத்தின் அருமை இங்கேதான் இருக்கிறது.

அரசு தந்த தொலைக்காட்சிப் பெட்டியில் பீட்சா விளம்பரத்தைப் பார்க்கும் பேரன்களுக்காகப் பாட்டி தோசைமாவில் காய்களைத் தூவிப் பீட்சா செய்யும் காட்சியை எடுத்துக்கொள்ளலாம். பேரன்களின் ஏமாற்றமும் பாட்டியின் நம்பிக்கையும் இளமை, பேதைமை வழிப்பட்ட நகை. நலத்திட்டமாக வந்த பெட்டி, வாங்கவியலாத பண்டத்தின் மீது ஆசையை வீட்டிற்குள் கொண்டுவந்தது என்பது எள்ளல். இரண்டும் ஒரே காட்சியில் பிரிக்கவியலாமல் பிணைந்துள்ளன. குழந்தைகள் திரைப்படம் என்னும் வகைப்பெயர் முன்னதைக் கண்டது. பின்னதைப் பெரிதும் கண்டுகொள்ளவில்லை.

எள்ளலைக் கண்டவர்கள் திறனாய்வாளர்களே. உலகமயம், நுகர்வுப் பண்பாடு, நகர வெளியிலிருந்து எளியோர் விலக்கப்படுதல் ஆகியவற்றின் விமர்சனமாக இப்படம் பரவலாக வாசிக்கப்பட்டது. எனினும் அவ்வாசிப்புகளிலும் ஒரு குறை உண்டு. கருத்தை எடுத்துரைக்கும் ஆர்வத்தில் சிரிப்பை ஒரு சர்க்கரைப் பூச்சாகவே அவை கருதின. பணக்காரச் சிறுவன் நீட்டும் எஞ்சிய பீட்சாத் துண்டை மூத்தவன் மறுப்பது கருத்துரை அன்று. அது ஒரு சிறுவனின் வீம்பு. அவ்வீம்பைக் கண்டு சிரிக்கும் பார்வையாளர், சிரித்த பிறகே அதிலுள்ள மானத்தை உணர்கிறார். முடிவில் சிவப்புக் கம்பள வரவேற்புடன் பீட்சாவை உண்ணும் சிறுவர், அதைவிடப் பாட்டியின் தோசையே மேல் என்று சொல்லும்போது நகை மீண்டும் அதே வேலையைச் செய்கிறது.

பிற்கால ஏற்புகள்

2015 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சல்ஸ் இந்தியத் திரைப்பட விழாவிலும் இப்படம் பரிசு பெற்றது. தென்னிந்திய ஃபிலிம்ஃபேர் விருதுகளில் அது 2015ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படமாகத் தேர்வானபோது, ‘குழந்தைகள்’ என்ற அடைமொழி நீங்கியது. திரையரங்கில் அனைத்து வயதினரும் பார்த்து ஏற்றபின் அமைந்த தேர்வு அது என்பது கருதத்தக்கது.

தமிழ்நாடு அரசின் ஏற்பு வேறொரு திசையில் அமைந்தது. 2014ஆம் ஆண்டுக்கான சிறந்த நடிகை விருது, தாயாக நடித்த ஐஸ்வர்யா ராஜேஷுக்கு அறிவிக்கப்பட்டது. இளம் நடிகையர் தாய் வேடம் ஏற்கத் தயங்கும் துறையில், இரு சிறுவரின் தாயாக ஒப்பனையின்றித் தோன்றியதற்கு இது உரிய மதிப்பு. ஆனால் 2009 முதல் 2014 வரையிலான ஆறாண்டு விருதுகள் ஒன்றாக 2017 ஜூலையில்தான் அறிவிக்கப்பட்டன. வழங்கப்பட்டது 2022 செப்டம்பரில். இத்தனை காலம் தாழ்ந்து வரும் விருது, ஒரு படத்தின் திரையரங்க வாழ்வுக்கோ அதன் கலைஞரின் அடுத்த வாய்ப்புக்கோ துணைசெய்ய இயலாது. ஆவணமதிப்பு மட்டுமே அதற்கு எஞ்சுகிறது.

மணிகண்டனின் ‘கடைசி விவசாயி’ 69ஆவது தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்த் திரைப்படமாகத் தேர்வானது. அதிலும் தொழில்முறை நடிகரல்லாத ஒருவரே மையம். அதிலும் துயரத்தின் ஊடே நகை ஓடுகிறது. முதியவரான நல்லாண்டி, படம் வெளிவருமுன்பே மறைந்து, நடுவர் குழுவின் சிறப்புக் குறிப்பைப் பெற்றார். இம்முறை படத்திற்கு வாய்த்த வகைப்பெயர் அதன் மொழி மட்டுமே.