கூலிகளிடம் கற்ற ஆசான்: ஜேம்ஸ் யென்

நல்லாசிரியர் ஒருவரை நினைவுகூரும்போது, அவர் எத்தனை பேருக்குக் கற்பித்தார் என்று நாம் கேட்பது வழக்கம். அவர் எவரிடம் கற்றார் என்று கேட்பது குறைவு. கிராமப் பணியில் ஈடுபட்டிருக்கும் எமக்கு இரண்டாவது கேள்வியே முக்கியமானது. அக்கேள்விக்கு விடையாக அமைந்த வாழ்க்கை, சீன நாட்டுக் கல்விமான் ஜேம்ஸ் யென் அவர்களுடையது. யான் யாங்சூ என்பது அவரது சீனப் பெயர்.

சிச்சுவான் மாகாணத்தின் பாஜோங் என்னும் ஊரிலே, 1890களின் தொடக்கத்தில், கற்றோர் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். மிசன் பாடசாலையிலும், பின்னர் ஹொங்கொங்கிலும், ஐக்கிய அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திலும் பயின்றார். 1918இல் பட்டம் பெற்றவுடன் அவர் சென்ற இடம் போர் நடந்துகொண்டிருந்த பிரான்ஸ். வை.எம்.சி.ஏ. இயக்கத்தின் ஊழியராக, படைகளுக்கு உழைத்த சீனத் தொழிலாளரிடையே பணிபுரியவே அவர் போனார்.

முதலாம் உலகப் போரின்போது ஏறத்தாழ 1,40,000 சீனத் தொழிலாளர் பிரான்சுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பதுங்குகுழி வெட்டுதல், கப்பலில் சரக்கு இறக்குதல், தண்டவாளம் இடுதல் என்பன அவர்களது வேலைகள். பெரும்பாலானோர் எழுத வாசிக்கத் தெரியாத விவசாயிகள். பகல் முழுவதும் உழைத்துவிட்டு, இரவிலே வீட்டுக்குக் கடிதம் எழுதித் தரும்படி யென் அவர்களை நாடி வந்தனர். இரவுதோறும் எழுதி எழுதி அவர் களைத்துப் போனார். ஒருநாள், 'இனி நான் எழுதித் தரமாட்டேன்; நீங்களே எழுதக் கற்றுத் தருகிறேன்' என்றார். கூடியிருந்தோர் சிரித்தனர். ஆயினும் நாற்பது பேரளவில் முன்வந்தனர். சில மாதங்களில் அவர்களிற் பெரும்பாலானோர் தம் கையாலேயே கடிதம் எழுதினர். கற்றவர்கள் ஏனையோருக்கும் கற்பிக்கத் தொடங்கினர்.

சீன மொழியில் ஆயிரக்கணக்கான எழுத்துருக்கள் உள. அவற்றுள் அன்றாட வாழ்வுக்கு மிகவும் வேண்டிய ஆயிரத்தைத் தெரிந்து பாடமாக்கியது யென் அவர்கள் கண்ட வழி. 1919இல் தொழிலாளருக்கென வாரப் பத்திரிகை ஒன்றையும் தொடங்கினார். இவ்வளவு மலிவாக விற்றால் பத்திரிகை நின்றுவிடுமே என அஞ்சிய தொழிலாளி ஒருவர், மூன்று வருடங்களாகத் தாம் சேமித்த 365 பிராங்குகளையும் அவருக்கு அனுப்பிவைத்தார். இதனை யென் வாழ்நாள் முழுவதும் சொல்லி வந்தார்.

'கூலி' என்னும் சொல் எமக்குப் புதியதன்று. ஆங்கிலேயரின் வாயில் இழிசொல்லாக மாறிய அச்சொல் தமிழிலிருந்து சென்றது என்று கருதுவோர் பலர். சீனர் அதே ஒலியைத் தம் எழுத்தில் எழுதும்போது 'கசப்பு', 'வலிமை' என்னும் பொருள் தரும் இரு எழுத்துருக்களால் எழுதுவர். பிரான்சிலே தாம் கண்டறிந்தவை இவ்விரண்டுமே என்றார் யென்: ஏழையின் வாழ்விலுள்ள கசப்பு, அவனுள்ளே புதைந்துகிடக்கும் வலிமை.

1921இல் தாயகம் திரும்பிய அவர், நியூயோர்க் நகரில் வாழ்ந்த சீனப் போதகர் ஒருவரின் மகளான அலிஸ் ஹுயி என்பவரை மணந்தார். மூன்று ஆண்மக்களும் இரண்டு பெண்மக்களும் பிறந்தனர். 1922இல் சாங்ஷா நகரில் எழுத்தறிவு இயக்கம் நடத்தினார். 1923இல் தேசிய வெகுசனக் கல்விச் சங்கம் உருவாயிற்று.

ஆனால் சீன மக்களுள் மிகப் பெரும்பாலோர் கிராமங்களிலேயே வாழ்ந்தனர். எனவே 1926இல், பெய்ஜிங்குக்குத் தெற்கே, ஏறக்குறைய நான்கு இலட்சம் மக்கள் வாழ்ந்த டிங் சியென் மாவட்டத்திலே பணி ஆரம்பமாயிற்று. 1929இல் யென் தம் குடும்பத்தோடு அங்கேயே குடியேறினார். வெளிநாடுகளிற் பட்டம் பெற்ற அறிஞர் பலரும் நகர வசதிகளை விட்டு, மனைவி மக்களுடன் அங்கு சென்றனர்.

அங்கே அவர்கள் கற்ற பாடம் ஒன்று உண்டு. எழுத்தறிவு மட்டும் பசியைத் தீர்க்காது. வாசிக்கத் தெரிந்தவனும் கடனாளியாகவும் நோயாளியாகவும் இருந்தான். ஆகவே கல்வி, வாழ்வாதாரம், சுகாதாரம், சுயாட்சி ஆகிய நான்கும் ஒன்றாகவே முன்னெடுக்கப்பட்டன. நல்லினக் கோழி, பன்றி வளர்ப்பும், பருத்தி விதைத் தெரிவும், கூட்டுறவுச் சங்கங்களும் வந்தன. விவசாயிகளே நடிகராகித் திறந்தவெளியில் நாடகம் ஆடினர். டாக்டர் சென் ஜிசியென் அவர்களின் வழிகாட்டலில், கிராமத்தவர்கள் குறுகிய காலப் பயிற்சி பெற்று, சிறு மருந்துப் பெட்டியுடன் அம்மை தடுப்பூசி ஏற்றினர், பிறப்பு இறப்புகளைப் பதிந்தனர், கிணறுகளைச் சீர்செய்தனர். பின்னாளில் சீனாவில் உருவான 'வெறுங்கால் வைத்தியர்' முறைக்கு இதனை முன்னோடி என்பர்.

குறைகளும் இருந்தன. நிலம் யாருக்கு உரியது என்ற வினாவை இவ்வியக்கம் நேர்நின்று எதிர்கொள்ளவில்லை என்றும், வெளிநாட்டுப் பணத்தில் மிகுதியாகத் தங்கியிருந்தது என்றும் அக்காலத்திலேயே கண்டித்தனர். இக்கண்டனத்தை நாம் ஒதுக்கிவிட முடியாது. உதவி நின்றபின் நிலைப்பது எது என்பது எமது திட்டங்களுக்கும் உரிய கேள்வி.

1937இல் யப்பானியப் படையெடுப்பால் டிங் சியென் பணி தடைப்பட்டது. 1949இல் யென் நாட்டைவிட்டு வெளியேறினார். பிள்ளைகளுட் சிலர் சீனாவிலேயே தங்கிவிட, குடும்பம் பிரிந்தது. ஆறுதலுக்கு உழைப்பே துணை. 1952இல் பிலிப்பைன்ஸ் கிராமப் புனரமைப்பு இயக்கம் தொடங்க உதவினார். 1960இல் மக்சேசே விருது கிடைத்தது. அதே ஆண்டு, மணிலாவுக்குத் தெற்கே சிலாங் என்னுமிடத்தில் சர்வதேசக் கிராமப் புனரமைப்பு நிறுவனத்தை நிறுவினார். பல நாட்டுக் கிராம ஊழியர் அங்கே பயிற்சி பெற்றனர். 1980இல் அலிஸ் அம்மையார் காலமானார். முப்பத்தாறு வருடங்களின் பின், 1985இல், யென் மீண்டும் சீன மண்ணை மிதித்து டிங் சியெனையும் கண்டார். 1990 சனவரியில் நியூயோர்க்கில் அவர் கண்மூடினார்.

கிராமத்தவரின் இயலாமையை எண்ணிக் கணக்கிடுவது எளிது. அவர்களது வலிமையைத் தேடிக் காண்பதற்கு அவர்களோடு வாழ வேண்டும், பொறுமை வேண்டும். எமது மாதர் சங்கத்திலும், கிராம அபிவிருத்திச் சங்கத்திலும், வாசிகசாலையிலும் அடுத்த கூட்டம் கூடும்போது ஒரு கேள்வியை நாம் கேட்டுப் பார்ப்போம்: இவ்வூர் மக்களுக்கு என்ன கொடுக்கலாம் என்பதற்கு முன், இவர்களிடம் என்ன இருக்கிறது, எமக்கு எதைக் கற்றுத் தருவார்கள்? இக்கேள்வியுடன் தொடங்கும் கூட்டத்தில், பின்வரிசையில் மௌனமாக இருப்பவர்களும் பேச முன்வருவர்.