ஊசியா, சத்திரசிகிச்சையா: தோட்டத்து ஆண்களும் புரொஸ்டேட் புற்றுநோயும்

சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சூழ்ந்திருக்கும் புரொஸ்டேட் சுரப்பியில் தோன்றும் புற்றுநோய் பெரும்பாலும் மெதுவாக வளர்வது என்றாலும், எலும்புகளுக்குப் பரவிய பின்னரே முதுகுவலியாகவோ இடுப்புவலியாகவோ தன்னை வெளிப்படுத்துவதுண்டு. இலங்கையின் தெரணியகல, எட்டியாந்தோட்டை, இறக்குவானை, பலாங்கொடைப் பகுதிகளின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் ஆயுள் முழுதும் சரிவில் பாரம் சுமந்தும் பால் வெட்டியும் உழைத்த முதியவருக்கு இடுப்புவலி ஒரு நோயாகவே தோன்றாமையால், லயத்தில் தைலம் தேய்த்து நாட்களைக் கடத்துவதும், இரவில் பலமுறை சிறுநீருக்கு எழுவதை வயதின் கணக்கில் சேர்த்துவிடுவதும் எளிதில் நிகழக்கூடியவை.

பரவிய நோயை முற்றாக நீக்க இயலாதெனினும், பெரும்பாலானோரில் அதை ஆண்டுக்கணக்கில் அடக்கிவைக்க ஓமோன் சிகிச்சையால் முடிகிறது. பெயரைக் கேட்போர் உடலுக்கு ஓமோன் ஊட்டப்படுவதாக எண்ணலாம். நடப்பது அதற்கு நேர்மாறானது. புரொஸ்டேட் கலங்கள் வளர்வதற்கு டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஓமோன் வேண்டும். அதில் மிகப் பெரும்பங்கு விதைகளிலும், எஞ்சிய சிறு பங்கு சிறுநீரகங்களின் மேல் அமர்ந்துள்ள அதிரீனல் சுரப்பிகளின் வழியாகவும் உண்டாகிறது. விதைகளை அகற்றினால் பரவிய நோயும் ஒடுங்கும் என்பதைச் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சார்ள்ஸ் ஹகின்ஸும் கிளாரன்ஸ் ஹொட்ஜஸும் 1941இல் காட்டினர். அதற்காக ஹகின்ஸ் 1966இல் நோபல் பரிசு பெற்றார்.

விதைகளை இயக்கும் கட்டளை மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வருவதால், கத்தியின்றி அக்கட்டளையையே நிறுத்தும் ஊசிகள் பின்னர் வந்தன. கொசரலின் என்னும் மருந்து 28 நாட்களுக்கு ஒருமுறை 3.6 மில்லிகிராம், அல்லது ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கு ஒருமுறை 10.8 மில்லிகிராம் என்ற அளவில் வயிற்றுத் தோலின் கீழ் செலுத்தப்படுகிறது. இவ்வகை ஊசி முதல் ஓரிரு வாரங்களில் டெஸ்டோஸ்டிரோனைக் குறைப்பதற்கு மாறாகக் கூட்டிவிடுவதால், அந்த ஓமோன் கலங்களில் பற்றாதவாறு தடுக்கும் பைகலூட்டமைட் போன்ற மாத்திரைகள் முன்கூட்டியே தரப்படுகின்றன. முள்ளந்தண்டில் நோய் பரவியவருக்கு இந்த இடைக்காலம் ஆபத்தானது. விதைகளை அகற்றும் சத்திரசிகிச்சையிலோ அத்தகைய எழுச்சி இல்லை. ஓமோன் சில மணித்தியாலங்களிலேயே வீழ்ந்துவிடும்.

நோயை அடக்கும் ஆற்றலில் இரண்டும் ஏறத்தாழ நிகரானவை என்பதால், தெரிவு வாழ்க்கை நிலைமையைப் பொறுத்தே அமைய வேண்டும். ஊசியைத் தவறவிட்டால் ஓமோன் மீளக்கூடும். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசமேயானாலும், மேற்பிரிவுத் தோட்டத்திலிருந்து இரத்தினபுரிக்கோ கேகாலைக்கோ, சிலவேளை மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கோ செல்லும் பயணம் இலவசமன்று. துணைக்குப் போகும் மகனுக்கோ மகளுக்கோ அன்றைய பெயர் (நாட்கூலிப் பதிவு) விழாது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் நாடெங்கும் மருந்துகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டதையும் மறப்பதற்கில்லை. இந்நிலையில் ஒரே முறையில் முடியும் சத்திரசிகிச்சையை ஏழைக்குரிய இரண்டாந்தர வைத்தியமாகக் கருதுவது பிழை. எனினும் அது மீட்க முடியாதது. காயடித்தல் என்ற சொல் ஊரில் மாட்டுக்கு உரியதாக வழங்குவதால் அதன் நினைப்பே பலருக்கு அவமானமாக உறைக்கிறது. விதையின் உள்திசுவை மட்டும் எடுத்து உறையை விட்டுவைக்கும் முறையும் உண்டென்பதைச் சிங்களம் சரளமாகப் புரியாத முதியவருக்குத் தமிழில் எடுத்துரைக்காமல் பெறப்படும் கையொப்பத்தைச் சம்மதம் என்று கொள்வது கடினம்.

காலப்போக்கில் புற்றுக்கலங்கள் குறைந்த ஓமோனிலும் வளரப் பழகிவிடுகின்றன. அதிரீனலிலும் புற்றுக்கட்டியினுள்ளும் நடக்கும் ஓமோன் உற்பத்தியையும் நிறுத்தும் அபிரட்டெரோன், 2011இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2017இல் வெளியான ஆய்வுகளுக்குப் பின் நோய் பரவியவர்களுக்குத் தொடக்கத்திலேயே சேர்க்கப்படுகிறது. 2019இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இடம்பெற்றது. வழமையான அளவு வெறுவயிற்றில் நாளுக்கு 1000 மில்லிகிராம், உடன் பிரெட்னிசொலோன். உணவு இம்மருந்தின் உறிஞ்சலைப் பெருக்குவதால், 250 மில்லிகிராமைக் காலை உணவுடன் எடுப்பதும் ஏறக்குறைய அதே பயனைத் தருவதாக 72 பேரைக் கொண்ட ஓர் ஆய்வு 2018இல் காட்டியது. செலவை நான்கிலொன்றாக்கும் அம்முறையை மருத்துவர் தீர்மானிக்கலாமே தவிர நோயாளி தாமாகக் கைக்கொள்ளலாகாது.

எவ்வழியில் ஓமோன் குறைந்தாலும் உடல் அதற்கு விலை கொடுக்கிறது: திடீரென உடல் கொதித்து வியர்த்தல், பாலுறவில் நாட்டமின்மை, தசை மெலிவு, நீரிழிவு, எலும்புத் தேய்வு. வழுக்கும் படிகளிலும் சரிவுப் பாதைகளிலும் நடப்பவருக்கு இவற்றுள் எலும்புத் தேய்வே கூடுதல் கவனத்துக்குரியது. சிகிச்சையில் இருப்பவருக்குக் கால்கள் திடீரெனத் தளர்ந்தாலோ சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, முள்ளந்தண்டு நரம்பு நெரிபடுவதன் அறிகுறியாக அது இருக்கக்கூடுமாதலால், அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.