பாட்டன் பெயரும் பழைய பதிவேடும்

பாட்டன் பெயரைத் தாங்குபவன் பேரன். அன்பின்பாற்பட்ட இம்மரபே, பழைய பதிவேடுகளில் முன்னோரைத் தேடப் புகுவார்க்குப் பெரும் இடராகவும் அமைகின்றது.

வன்னியம்பட்டிப் பக்கத்து அங்கத்தினர் ஒருவரின் பயிர்க்கடன் மனுவைப் பரிசீலிக்கையில் இதனை நாம் நேரிற் கண்டோம். அவர் தந்த பட்டாவில் அவர் பெயரே இருந்தது. தந்தையின் பெயரோ வேறாயிருந்தது. அது அவருடைய பாட்டனாரின் பட்டா! பேரனுக்கும் அதே பெயர் ஆதலின், பல்லாண்டுகளாக எவரும் ஐயுறவில்லை. மனு நின்றது, தேடல் தொடங்கிற்று.

இன்று இத்தேடலுக்கு வழி எளிது. பட்டா, சிட்டா, ‘அ’ பதிவேடு ஆகியவற்றைத் தமிழக அரசின் இணையதளத்திலும், 1975 முதலான வில்லங்க விவரங்களைப் பதிவுத்துறையின் தளத்திலும் பார்வையிடலாம். ஆயினும் அங்கே திறவுகோல் பெயரன்று. ஊரும் புல எண்ணுமே. 1979இல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது எண்கள் பல மாறின. ஆதலின், வீட்டிலுள்ள பழைய கிரயப் பத்திரத்தின் எண்ணை ‘அ’ பதிவேட்டோடு ஒப்பிட்டுக்கொள்ளல் வேண்டும்.

இவ்வாறு தேடியதில், 1975 முதல் அந்நிலத்தில் பாகப்பிரிவினையோ தானமோ பதிவாகவில்லை என்பது தெரிந்தது. பாட்டனார் தாமே கிரயம் பெற்ற நிலம், உயிலும் எழுதவில்லை. எனவே தந்தையாரோடு அத்தைமார் இருவருக்கும் அதிற் பங்குண்டு. வாரிசுச் சான்று பெற்று, அனைவரும் இசைந்து கூட்டுப் பட்டாவுக்கு மனுச் செய்தனர். ஒரு பருவத்துக் கடன் தாமதமாயிற்று. இரு பெண்களின் உரிமை மறையாமல் நின்றது.

இன்னும் பின்னோக்கிச் செல்வோர் ஒன்றை நினைவிற் கொள்க. ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டம் 1910 வரை திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தது. பின்னர் இராமநாதபுரம் ஜில்லா. 1985 முதல் இன்றைய விருதுநகர் மாவட்டம். முப்பாட்டனாரை விருதுநகரில் தேடினால் அகப்படார்.

கடல் கடந்தோர்க்கும் இது பொருந்தும். 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தத் தொழிலாளராக ஒரு லட்சத்து ஐம்பதாயிரத்திற்கு மேற்பட்டோர் சென்றனர். முதற் கப்பலான ‘ட்ரூரோ’ சென்னையிலிருந்து புறப்பட்டு, 1860 நவம்பர் 16இல் டர்பனை அடைந்தது. அக்கப்பற் பட்டியல்கள் இன்று இணையத்தில் உள்ளன. தந்தை பெயர், வயது, ஊர், ஜில்லா, உடலின் அடையாளம் ஆகியவை அவற்றிற் காணப்படும். எழுத்தர் செவியில் விழுந்தவாறு எழுதியமையால் பெயர்கள் சிதைந்துள்ளன. ஆகவே தந்தை பெயரும் ஊரும் சேர்ந்து பொருந்தினாலன்றி, ‘இவரே நம்மவர்’ எனத் துணிதல் தகாது.

இணையத்தில் ஏறாத பதிவேடு ஒன்றும் உண்டு. அது நம் சங்கத்தின் பழைய அங்கத்தினர் பதிவேடு. தந்தை பெயர், ஊர், சேர்ந்த நாள், பலரின் கைந்நாட்டு யாவும் அதில் உள. நெசவாளர் சங்கமாயினும் விவசாயிகள் சங்கமாயினும், நிர்வாகிகள் அதனைக் கறையானுக்கு இரையாக்காமல், பக்கந்தோறும் படமெடுத்துப் பாதுகாப்பாராக. நாளை ஒரு பேரன் தேடி வருவான். அவனுக்கு நாம் மறுமொழி சொல்ல வேண்டாமா?