புள்ளியைப் பார்ப்பதா, இலக்கைப் பார்ப்பதா?

பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் இந்தியத் துப்பாக்கிச்சுடும் வீராங்கனை மனு பாக்கர் வென்ற 2 வெண்கலங்களும் ஒளிப்புள்ளி இல்லாத திறந்த குறிகாட்டியால் வந்தவை. ஒலிம்பிக் கைத்துப்பாக்கிப் போட்டிகளின் விதி அப்படி. துப்பாக்கியின் பின்வெட்டு, முன்முனை, எதிரே இலக்கு எனத் திறந்த குறிகாட்டியில் மூன்று தூரங்கள். கண்ணோ ஒன்றில்தான் குவியும். 1900இல் டப்ளினின் ஹோவர்ட் கிரப் முன்வைத்த உத்தி இதை மாற்றியது. அதன்வழி வந்த ஒளிப்புள்ளிக் குறிகாட்டியில் விளக்கொளி வளைந்த கண்ணாடியில் பட்டு இணைகதிர்களாகத் திரும்புவதால், புள்ளி வெகுதொலைவில் இருப்பதாகவே கண் கொள்கிறது. எதிரே உள்ள மலையை நோக்கித் தளர்ந்திருக்கும் கண்ணுக்கும் அது தெளிவாகவே தெரியும். ஆகவே புதிதாகப் பழகுபவர் இலக்கையே பார்க்க வேண்டும்; புள்ளியைத் துரத்தினால் இந்த வசதி வீண்.

புள்ளி நடுங்குகிறதே என்பார்கள். கை முன்பும் நடுங்கியதுதான். திறந்த குறிகாட்டியில் அது அவ்வளவாகத் தெரியவில்லை. புள்ளி நிற்கும் கணத்துக்குக் காத்திருந்து விசையைச் சட்டென்று இழுப்பதுதான் குண்டை விலக்குகிறது. நடுவில் ஆடும் புள்ளியை ஆடவிட்டு, விசையைச் சீராக அழுத்துவதே மேல்.