கனலும் கூடு: குற்றம் எங்கே இருக்கிறது?

பட்டு நெசவுக்குப் பேர்போன ஆரணி வட்டாரத்து முள்ளிப்பட்டிலிருந்து சேலைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு போகிற பெட்ரோல் பிக்கப் வண்டி ஒன்று, மேடேறும்போது இழுவை குன்றி, அழுகிய முட்டையின் நாற்றத்தைக் கிளப்பி, இருட்டில் குனிந்து பார்ப்பவருக்கு அடியிலுள்ள உலோகக் கூடு செக்கச் செவேலென்று கனல்வதைக் காட்டுமானால், அந்தக் கூட்டைக் கழற்றிப் புதிதாக ஒன்றைப் பூட்டிவிடலாம் என்றே உரிமையாளருக்கு முதலில் தோன்றும். பெருந்தொகையை வீணாக்கும் யோசனை அது.

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் எனப்படும் அக்கூட்டினுள், பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகிய அரிய உலோகங்கள் பூசிய, எண்ணற்ற நுண்துவாரங்களையுடைய பீங்கான் கட்டி இருக்கிறது. என்ஜின் கக்கும் விஷவாயுக்களின் தீங்கைக் குறைப்பது அதன் தொழில். 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமாயிற்று. ஏறத்தாழ 400 முதல் 800 டிகிரி செல்சியஸ் வரையுள்ள உஷ்ணத்தில் வேலை செய்வது இதன் சுபாவமாதலால், சூடாவது குற்றமன்று. என்ஜினில் எரியாத பெட்ரோல் இங்கே வந்து எரியும்போதுதான் உஷ்ணம் 1000 டிகிரியையும் கடந்து, பீங்கான் உருகி, புகை போகும் வழி அடைபடுகிறது.

பாவு இழை ஓயாமல் அறுந்தால் தறியையே மாற்றிவிடாமல், சாயம் தோய்த்த பக்குவத்தை விசாரிக்கும் நெசவாளியின் நிதானம் இங்கே வேண்டும். செக் என்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால், ஏதோ ஒரு சிலிண்டர் மிஸ் அடிக்கிறது என்று பொருள். ஸ்கேனரை மாட்டி அது எந்தச் சிலிண்டர் என்று கண்டு, பிளக், காயில், ஒழுகும் இன்ஜெக்டர், ஆக்ஸிஜன் சென்சார் ஆகியவற்றைப் பரீட்சிக்க வேண்டும். ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றி ஓடவிட்டுப் பார்க்கும் பழைய வழக்கம், பச்சைப் பெட்ரோலை நேரே கூட்டுக்குள் அனுப்புமாதலால் இவ்வண்டிகளுக்கு ஆகாது. பின்பு, என்ஜின் நன்கு சூடேறியதும், தொடாமல் அளக்கும் வெப்பமானியால் கூட்டின் இரு முனைகளையும் பார்க்கலாம். வெளிமுனை உள்முனையைவிடச் சற்றே சூடாயிருப்பது இயல்பு. நூறு டிகிரிக்கு மேல் கூடினால் எரியாத பெட்ரோல் வருகிறது என்று சந்தேகிக்கலாம். முன் ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றி, அவ்விடத்தில் அழுத்தமானியைப் பொருத்தி, நிமிஷத்துக்கு 2500 சுற்றில் பார்க்கையில் சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டுக்கு மேல் காட்டினால் அடைப்பு இருப்பது பெரும்பாலும் நிச்சயம். அப்போது கூட்டை மாற்றத்தான் வேண்டும். ஆயினும் மூலகாரணத்தை நீக்காமல் மாற்றினால் புதியதும் அதே கதியை அடையும். பீங்கானை உடைத்தெடுத்துவிட்டு வெறுங்கூட்டோடு ஓட்டுவதோ, ஊரார் சுவாசிக்கும் காற்றுக்குச் செய்யும் துரோகம்.

இக்கூட்டின் சூடு காய்ந்த தாளைப் பற்றவைக்கக்கூடுமாதலால், ஓட்டுநர்களுக்கு ஒரு வேண்டுகோள். அறுவடைக் காலத்தில் கதிரையும் கொள்ளையும் சாலையில் பரப்புவது நம் பக்கத்தில் வழக்கம். அதன்மேல் ஏறிச் செல்ல நேர்ந்தால், சற்று தூரத்தில் நிறுத்தி, அடியில் சுற்றிய தாளை நீண்ட கழியால் அகற்றிவிட்டுப் புறப்படுங்கள். வைக்கோலின்மீது வண்டியை ஒருபோதும் நிறுத்தாதீர்கள்.